இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

இராமானுஜன் எண்டாலே எங்களுக்கு ஞாபகம் வாறது 1729 தான். ஆஸ்பத்திரியில் இருந்தவரைப் பார்க்க ஹார்டி வந்த டாக்சியின் இலக்கம் அது. நல்ல கதைதான். ஆனால் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது வேறொரு வேலைக்காக. 1915இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த நீண்ட கட்டுரை அது. பேசுபொருள், உயர் பகு எண்கள்.

விசயம் இதுதான். 10 தேங்காயை மூன்று பேருக்குச் சமனாகப் பிரிக்க ஏலாது. 12ஐ இரண்டு, மூன்று, நாலு, ஆறு பேருக்கும் பிரிக்கலாம். 12க்கு ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அவ்வளவு இல்லை. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் தொகையில் முந்துகிற எண்தான் உயர் பகு எண். 24, 36, 48, 60 எண்டு வரிசை நீளும். பெரிய எண்களுக்குப் போகப்போக இவை அரிதாகும்.

கணினி இல்லாத காலத்தில் இராமானுஜன் இப்படியான 102 எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6,746,328,388,800. ஆனால் இடையில் ஒண்டு விடுபட்டுவிட்டது: 293,318,625,600. எங்கட கணக்கில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இந்த எண்ணை முதன்மைக் காரணிகளாக உடைத்தால் 2 ஆறு தரம், 3 நாலு தரம், 5 இரண்டு தரம், 7 இரண்டு தரம், பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு தரம் வரும். ஒவ்வொரு தடவையோடும் ஒண்டைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் தொகை கிடைக்கும்: 7×5×3×3×2×2×2×2 = 5040. சிறிய முதன்மை எண்கள் கூடுதலாகவும் பெரியவை குறைவாகவும் வருகிற இந்த ஒழுங்கு எல்லா உயர் பகு எண்களுக்கும் உண்டு. அதை நிறுவிக் காட்டினவரும் அவர்தான். இன்னொரு புதினம்: விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் வருவது அவருடைய பட்டியலின் கடைசி எண்ணேதான்!

பட்டியலில் ஒண்டு தவறினதால் அவர் நிறுவினது எதுவும் சரியவில்லை. அந்தக் கட்டுரையின் ஒரு பகுதி, சங்கத்திடம் காசு இல்லாததால் அப்போது அச்சேறவில்லை. அது வெளிவந்தது 1997இல். இராமானுஜன் 1920இலேயே, 32 வயதில் இறந்துவிட்டார்.

'தெய்வம் கொடுத்த மூளை' எண்டு சொல்லி அவரைக் கும்பிட்டு ஒதுக்கி வைப்பது சுகம். அப்படிச் சொல்லும்போது அவர் தாளில் போட்ட உழைப்பு மறைந்துபோகிறது. கணக்கு எங்களுக்கு வராது எண்ட பயமும் கூடவே வளர்கிறது. முந்தலில் சாதாரண தரம் படிக்கிற பிள்ளைகளுக்கும் முதன்மைக் காரணி தெரியும். அந்த 5040ஐ நீங்களே ஒருக்கா பெருக்கிப் பாருங்கோ. இராமானுஜனின் கணக்கைச் சரிபார்க்க ஒரு பென்சில் போதும்.