கேண்டி ஆப்பிள் ரெட்: ஒரு சிவப்பின் கதை

இன்னைக்கு ஒரே ஒரு நிறத்தோட வரலாறு. கேண்டி ஆப்பிள் ரெட். 1963-ல் அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி தன் எலக்ட்ரிக் கிட்டார்களுக்குக் கொடுத்த சிவப்பு. இதைப் பற்றிப் பேசணும்னு தோன்றியதற்குக் காரணம் பெரும்பாக்கத்தில் எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடி. அங்கேதான் நான் ஒரு கிட் கிட்டாரைக் கெடுத்து வைத்தேன்.

கிட் கிட்டார்னா பாகம் பாகமா ஒரு அட்டைப் பெட்டியில் வரும். வெறும் கட்டையா பாடி, தனியா நெக், பிக்கப், ஒயர், ஸ்க்ரூ எல்லாம் இருக்கும். பெயிண்ட் மட்டும் நம்ம பொறுப்பு. சில்வர் மெட்டாலிக் பேஸ் நல்லா வந்தது. அதன் மேல் சிவப்பு கேண்டியை ஸ்ப்ரே கேனில் அடித்தேன். ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் ரத்தச் சிவப்பு, நடுவில் புலி மாதிரி பட்டை பட்டையா கோடு. சரி, கோட் கூட்டினா மறைந்துவிடும்னு மேலே மேலே அடித்தேன். அது நவம்பர் மாதம். ஒரு பக்கம் பெரும்பாக்கம் ஏரி, கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். காற்றே ஈரத்துணி மாதிரி இருந்தது. மேலே அடித்த கிளியர் லாக்கர் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போச்சு.

மேடவாக்கம் பக்கம் கார் டிங்கரிங் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிற ஒரு அண்ணனிடம் கொண்டு போய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுல சிவப்பு கலர் இல்ல. அடியில இருக்கிற சில்வர்தான் கலர். சிவப்பு சும்மா கண்ணாடி"னு சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தில் கேண்டி பெயிண்டின் வரலாறு மொத்தமும் இருக்குன்னு எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

சாதாரண சிவப்பு பெயிண்ட் அடியில் இருப்பதை மறைக்கும். கேண்டி மறைக்காது. வெளிச்சம் சிவப்புப் படலத்தைத் தாண்டி உள்ளே போய், அலுமினியத் துகள் மேல் பட்டு, திரும்பவும் அதே படலத்தைத் தாண்டி வெளியே வரும். அதாவது ரெண்டு தடவை சிவப்பாகும். வளைவில் சாய்வாகப் பார்த்தால் வெளிச்சம் கடக்கிற தூரம் அதிகம், அதனால் ஓரம் இருண்டு தெரியும். படலம் ஒரு இடத்தில் மயிரிழை தடித்தாலும் நிறம் மாறிவிடும். டச்-அப் பண்ணவும் முடியாது. தொட்ட இடம் மட்டும் தனியா ஆழமாகிவிடும். என் புலிக்கோடு வந்த வழி அதுதான்.

சரி, ஃபெண்டருக்கு வருவோம். லியோ ஃபெண்டரின் பட்டறை கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்கிற ஊரில் இருந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல் வந்தது. கொஞ்ச வருடத்தில், அஞ்சு சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் வேறு நிறத்தில் தருவோம்னு கேட்டலாக்கில் போட்டார்கள். அந்த நிறங்கள் எதுவும் கிட்டாருக்காகச் செய்ததில்லை, எல்லாம் டூபாண்ட் கம்பெனியின் கார் பெயிண்ட். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டில் இருந்து வந்தது. லேக் பிளாசிட் புளூ கேடிலாக்கில் இருந்து வந்தது. கேண்டி ஆப்பிள் ரெட் மட்டும் வேறு. அது கார் கம்பெனி கொடுத்த நிறமில்லை. பழைய காரை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, ஷோவுக்குக் கொண்டு போன கஸ்டம் கார்க்காரர்களின் பட்டறையில் பிறந்தது. வடக்குக் கலிஃபோர்னியாவின் ஜோ பெய்லான் பெயரில்தான் அதைச் சொல்கிறார்கள். 1950-களில் அவர் அடித்த சிவப்பு அது. குச்சியில் குத்தி, சிவப்புச் சர்க்கரைப் பாகில் முக்கியெடுக்கிற ஆப்பிள் அங்கே திருவிழா மிட்டாய். பெயர் அதிலிருந்து வந்தது. 1963-ல் டாம் வுல்ஃப் இந்தக் கார்க்காரர்களைப் பற்றி எஸ்குயர் பத்திரிகையில் எழுதினார். அதே வருடம் ஃபெண்டரின் நிறப் பட்டியலில் கேண்டி ஆப்பிள் ரெட் ஏறியது. அடியில் வெள்ளி அல்லது தங்க நிற மெட்டாலிக், மேலே கண்ணாடிச் சிவப்பு.

இப்படிக் கோட் மேல் கோட் அடிக்க பெயிண்ட் சட்டுனு காயணும். பழைய எண்ணெய் வார்னிஷ் காலத்தில் ஒரு காரை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதை மாற்றியது நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் கிடைப்பது. கொஞ்சம் வீரியம் கூட்டினால் அதுவே வெடிமருந்து. முதல் உலகப் போருக்கு மலைமலையாக வெடிமருந்து செய்த டூபாண்ட், போர் முடிந்ததும் அதே சரக்கில் இருந்து டியூகோ என்ற பெயிண்டைக் கொண்டுவந்தது. 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் காரில் நீல நிறமாக அது முதலில் ஏறியது. நம்ம நீலகிரியிலும் அதே பஞ்சுதான். அருவங்காட்டில் 1903-ல் தொடங்கின கார்டைட் ஃபேக்டரியின் மூலப்பொருளில் ஒன்று நைட்ரோசெல்லுலோஸ். இன்னைக்கும் சென்னையில் அலமாரிக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிற ஆசாரி "டியூகோ பண்ணிடலாமா சார்?"னு கேட்பார். கையில் இருப்பது வேறு கம்பெனி டப்பாவாக இருந்தாலும் வாயில் இருப்பது நூறு வருடப் பழைய பெயர்.

லாக்கர் என்ற சொல்லும் இங்கே இருந்து போனதுதான். சமஸ்கிருத 'லாக்ஷா'. நம்ம தமிழில் அரக்கு.

அரக்குன்னு வந்ததும் எனக்கு வடசேரி ஞாபகம் வந்தது. நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பரதநாட்டிய மேடையில் பார்க்கிற நெற்றிச்சுட்டி, ராக்கொடி, அட்டிகை எல்லாம் அந்த வகை. வெள்ளியில் குழி அமைத்து, அரக்கு நிரப்பி, மேலே சிவப்புக் கெம்புக் கல்லைப் பதித்து, சுற்றி தங்க ரேக்கு ஒட்டுவார்கள். இப்படி முதுகு மூடிப் பதிக்கிற கல்லுக்கு அடியில் பளபளக்கும் மெல்லிய தகடு வைப்பது இந்தியா முழுக்க உள்ள பழைய வழக்கம். கல் சுமாரான கல்லாக இருந்தாலும், சில சமயம் வெறும் கண்ணாடியாகவே இருந்தாலும், மேடை விளக்கில் உள்ளே நெருப்பு எரிகிற மாதிரி இருக்கும். சிவப்பு கண்ணாடி, அடியில் உலோகம். மேடவாக்கம் அண்ணன் சொன்னது அப்படியே இதுதான்.

அப்போ கேண்டியை நாமதான் கண்டுபிடித்தோம்னு நான் சொல்ல வரவில்லை. அந்த மாதிரி வாட்ஸ்அப் வரலாறு நமக்கு வேண்டாம். ஐரோப்பாவிலும் இது உண்டு. 12-ம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிய கைத்தொழில் நூலில், பளபளப்பாக்கின தகரத் தகட்டின் மேல் கண்ணாடி மாதிரி நிறம் பூசும் முறை இருக்கிறது. தங்கம் வாங்க முடியாத இடத்தில் தகரத்தின் மேல் மஞ்சள் பூசித் தங்கமாக்குவார்கள். பெய்லான் மாதிரி ஆட்கள் செய்தது, சின்னக் கல்லிலும் தகட்டிலும் இருந்த ஒன்றை, ஸ்ப்ரே கன்னை வைத்து, பத்துப் பதினஞ்சு அடி நீள வளைந்த காரின் மேல் சீராகக் கொண்டுவந்தது. ஒரு பாடியை நாசம் பண்ணிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்றேன், அது சின்ன விஷயமே இல்லை.

சாகிற விதத்திலும் ரெண்டும் அக்கா தங்கைதான். கெம்பு நகையைத் தண்ணீரில் நனைக்காதேன்னு ஆடுகிற பிள்ளைகளிடம் சொல்வார்கள். ஈரம் கல்லுக்குப் பின்னால் போனால் தகடு கறுத்துவிடும், கல் நன்றாக இருந்தாலும் நகை செத்துவிடும். கேண்டியில் எதிரி வெயில். கண்ணாடி மாதிரி தெளிவு வேண்டும் என்பதால் பெரும்பாலும் சாயத்தைச் சேர்ப்பார்கள். சாயம் சூரிய ஒளியில் வெளுக்கும். மேலே உள்ள நைட்ரோ கிளியர் வயதாக ஆக மஞ்சளாகும். பழைய லேக் பிளாசிட் புளூ கிட்டார்கள் சில இன்னைக்குப் பச்சையாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

என் கிட்டாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டால், தண்ணி பேப்பர் போட்டுத் தேய்த்துக் கட்டை தெரிகிற வரைக்கும் எடுத்துவிட்டேன். தை பிறக்கட்டும்னு அண்ணன் சொன்னார். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றில் ஈரம் இருந்தால் அதன் மேல் படியும், அந்த வெள்ளைதான் நவம்பரில் வந்ததுன்னு விளக்கினார். ஜனவரி கடைசியில், பனி விலகி வெயில் ஏறின பிறகு, பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தோம். வாடகைக் கம்ப்ரஸர், சின்ன கன், மூக்குக்கு நல்ல மாஸ்க். பாடியின் விளிம்புக்கு வெளியே கன்னைத் திறந்து, அந்தப் பக்கம் தாண்டின பிறகே மூடணும். பாதி பாதியாக ஒன்றின் மேல் ஒன்று போகணும். அவர் ஒவ்வொரு கோட்டையும் வாய்விட்டு எண்ணினார். ஆறில் ரோஸ் போய்விட்டது, எட்டில் நிறுத்தச் சொன்னார். எனக்கு இன்னொன்று அடிக்க ஆசை. "வேண்டாம் தம்பி, சில்வர் செத்துடும்"னு கன்னை வாங்கி வைத்துவிட்டார்.

மேல் கொம்பின் உள்வளைவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கறுத்து நிற்கிறது. அந்த இடம் நான் அடித்தது.