சுங்கச்சாவடி மரபும் திருத்தணிச் சாலையும்

சுங்கச்சாவடி என்பது பெருவழிகளில் செல்லும் வண்டி, சுமை, கால்நடை ஆகியவற்றுக்கு வரி தண்டுவதற்கான இடமும் அதை ஒட்டிய கட்டிடமும் ஆகும். தமிழகத்தில் கோயில், கோட்டை, கல்வெட்டு ஆகியவை மரபுச் சின்னங்களாகக் கருதப்படுகின்றன. சத்திரங்களுக்கும் ஓரளவு அந்த மதிப்பு உண்டு. சுங்கச்சாவடிக்கு அது கிடைக்கவில்லை. வரி வாங்கிய இடத்தை யாரும் விரும்பி நினைவில் வைப்பதில்லை என்பது ஒரு காரணம். சாலையின் விளிம்பிலேயே நிற்பதால், சாலை அகலமாகும்போது முதலில் இடிபடும் கட்டிடம் அதுவே என்பது இன்னொரு காரணம். சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி வழியாகத் திருப்பதி செல்லும் சாலையை வைத்து இம்மரபின் பல அடுக்குகளை விளங்கிக்கொள்ளலாம்.

பெயர்

சுங்கத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர் உல்கு. திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரம் உல்கு பொருளை அரசனின் வருவாய்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஆயம் என்ற சொல்லும் வழங்கியது. தமிழ் விவிலியத்தில் வரும் ஆயக்காரர், ஆயத்துறை ஆகிய சொற்களால் அது இன்றும் அறியப்படுகிறது. சாவடி என்பது ஊர்ப் பொதுக்கூடம், வழிப்போக்கர் தங்குமிடம் என்னும் பொருளுடையது. தங்கி இளைப்பாறும் இடத்தின் பெயர் வரி கொடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. வண்டிகள் நின்றாக வேண்டிய இடம் என்பதால் இருக்கலாம்.

பழைய பெருவழிகள்

தொண்டை நாட்டுச் சுங்கத்துக்கான பழைய சான்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய இந்நூலில், மிளகுப் பொதி ஏற்றிய கழுதைகளுடன் வணிகர் செல்லும் பெருவழியும், அங்கே சுங்கம் கொள்ளப்படுவதும், கவர்த்த வழிகளை வில்வீரர் காவல் காப்பதும் சொல்லப்படுகின்றன. இதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்துறையையும் காட்டுகிறார். அங்கே பொதிகளின்மேல் புலிச் சின்னம் பொறிக்கப்படுகிறது. சுங்கத்துக்கு ஈடாக வழிக்காவல் தரப்பட்டது என்பது பெரும்பாணாற்றுப்படைப் பகுதியின் சிறப்பு. பிற்காலத்துச் சுங்கங்கள் பலவற்றில் இந்த ஈடு மறைந்துவிட்டது.

முதலாம் குலோத்துங்க சோழன் (1070–1120) சுங்கம் தவிர்த்த சோழன் எனப்பட்டான். ஒரு வரியை நீக்கியதே அரசனின் விருதுப் பெயராக நிலைத்தது என்றால், அவ்வரி எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று ஊகிக்கலாம். அக்காலச் சாவடிக் கட்டிடங்களின் சான்று பெரும்பாலும் எழுத்திலேயே உள்ளது. கட்டிடமாகக் காண்பது அரிது. சாலைகளுக்குக் கல் சான்றுகள் உண்டு. நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்று தொலைவைக் காட்டும் அதியமான் பெருவழிக் கல் தருமபுரிப் பகுதியில் கிடைத்தது. கோவை அருகே ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு உள்ளது.

ஆங்கிலேயர் காலம்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் உள்நாட்டுச் சரக்குகளுக்கான வழிவரி சாயர் எனப்பட்டது. 1802-ஆம் ஆண்டு ஜமீன்தாரி நிரந்தர நிலவரித் திட்டம் வந்தபோது உப்பு, சாயர் முதலிய வருவாய்கள் ஜமீன்தார்களுக்கு விடப்படாமல் கம்பெனியிடமே நிறுத்தப்பட்டன. திருத்தணி அடங்கிய கார்வேட்டிநகரம் ஜமீனுக்கும் இது பொருந்தும். சாயர் வசூல் பல இடங்களில் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைக்காரர் கட்டிய தொகைக்கு மேல் வந்ததெல்லாம் அவருக்கே. ஆகவே வண்டிக்காரரிடம் கறாராக இருப்பதே அவருக்கு ஆதாயம். 1844-ஆம் ஆண்டின் 6-ஆம் சட்டம் சென்னை மாகாணத்தில் இவ்வழிவரியை ஒழித்தது. வருவாய் இழப்பை ஈடுகட்ட அரசு உப்பின் விலையை உயர்த்தியது. சாவடியில் வண்டிக்காரர் கொடுத்தது எல்லா வீட்டு அடுப்படிக்கும் மாற்றப்பட்டது.

சரக்கின் மீதான வரி போனபின் சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் வந்தது. 1851-ஆம் ஆண்டு இந்தியச் சுங்கச் சட்டம், கட்டண விவரப் பலகையை ஆங்கிலத்திலும் மாவட்டத்தின் வட்டார மொழியிலும் எழுதிச் சாவடி அருகே கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்றது. 1871-ஆம் ஆண்டு ஸ்தல நிதிச் சட்டமும் 1884-ஆம் ஆண்டு ஸ்தல ஸ்தாபனச் சட்டமும் வந்தபின் இக்கட்டணம் உள்ளூர் போர்டுகளின் வருமானமாயிற்று. 1931-ஆம் ஆண்டு சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டத்துடன் இம்முறை முடிவுக்கு வந்தது. மோட்டார் வரியிலிருந்து போர்டுகளுக்கு ஈட்டுத்தொகை தரப்பட்டது.

கட்டிடங்கள் போனாலும் பெயர்கள் தங்கின. திருச்சியில் நம்பர் 1 டோல்கேட், கோவையில் சுங்கம், வடசென்னையில் டோல்கேட் ஆகியவை இன்றும் பேருந்து நடத்துநர் கூவும் பெயர்கள். 2021-இல் திறக்கப்பட்ட சென்னை மெட்ரோ நீட்டிப்பில் டோல்கேட் ஒரு நிலையத்தின் பெயரும் ஆனது.

திருத்தணியும் எல்லையும்

திருத்தணிக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், அவ்வாண்டு உருவான சித்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனுடன் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பின், 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துக்குத் திரும்பியது. மாநில எல்லை ஊருக்கு வடக்கே நகர்ந்தது. எல்லையை ஒட்டிய பொன்பாடிச் சோதனைச்சாவடி இந்த வரலாற்றின் விளைவு. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் எல்லைகளில் வணிகவரிச் சோதனை நின்றது.

இதே சாலையில் திருவள்ளூரை அடுத்து பட்டரைப்பெரும்புதூர் உள்ளது. மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து பழைய கற்காலக் கருவிகளையும் உறைகிணறுகளையும் வெளிக்கொணர்ந்த அவ்வூர், பெரும்பாலான பயணிகளுக்கு ஒரு டோல் பிளாசாவின் பெயராகவே தெரியும். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானபின் வண்டி அங்கே நிற்பதும் அரிதாகிவிட்டது.

பாதுகாப்பு

சாலை சார்ந்த சிறு கட்டுமானங்களைப் பேணுவதற்கு முன்மாதிரிகள் உண்டு. முகலாயர் கால வழிக்குறியான கோஸ் மினார்கள் பலவற்றை இந்தியத் தொல்லியல் துறை காக்கிறது. பிரிட்டனில் சுங்க வீடுகள் பல பட்டியலிடப்பட்ட கட்டிடங்கள். ஷ்ரூஸ்பரி அருகே ஷெல்டனில் தாமஸ் டெல்போர்டின் சாலையில் நின்ற சுங்க வீடு, பிரித்து எடுக்கப்பட்டு பிளிஸ்ட்ஸ் ஹில் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் கட்டப்பட்டது. சாலையை அகலப்படுத்துவதும் கட்டிடத்தைக் காப்பதும் முரண்பட வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி ஒரு கட்டுமானம் நினைவுச் சின்னமாக 100 ஆண்டுப் பழமை வேண்டும். ஸ்தல நிதிக் காலத்துச் சாவடிகளில் எஞ்சியவை பெரும்பாலும் அந்த வயதைக் கடந்தவை. ஆனால் அவை எளிய கட்டிடங்கள். சாலையைப் பார்த்த தாழ்வாரமும் ஓர் அறையும் கொண்ட ஒன்று, பின்னாளில் பண்டகசாலையாகவோ டீக்கடையாகவோ மாறியிருந்தால் அடையாளம் காண்பது கடினம். தேட வேண்டிய இடம் ஊரின் பழைய எல்லை, ஆற்றுப் பாலம், கூட்டுச்சாலை. அருகில் மைல்கல் நின்றால் ஐயம் குறையும்.

கட்டிடத்தைவிட அரிய பொருள் கட்டணப் பலகை. திருத்தணி போன்று தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய வட்டாரத்தில், வட்டார மொழி என்று அதிகாரிகள் எதைக் கொண்டார்கள் என்பதை ஒரே ஒரு பலகை சொல்லிவிடும். பின்னாளில் அதே கேள்விக்காகத்தான் எல்லைப் போராட்டம் நடந்தது.

சாவடி ஏலம், குத்தகை பற்றிய விவரங்கள் மாவட்ட அரசிதழ்களிலும் ஜில்லா போர்டு கோப்புகளிலும் தேடப்பட வேண்டியவை. 1911-க்கு முந்தைய காலத்துக்கு வட ஆர்க்காடு ஆவணங்களையும், அதன்பின் 1931 வரை சித்தூர் ஆவணங்களையும் பார்க்க வேண்டும். 1997 முதல் திருத்தணி இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். அங்கே மட்டும் தேடுபவருக்கு இவ்வூரின் சாவடி வரலாறு கிடைக்காது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்குவதே எளிது.