சர்க்கரையிலிருந்து டி செல்லுக்கு: ஒரு சமன்பாட்டின் பயணம்

பெர்லினில் ‘ஆம் உர்பன்’ மருத்துவமனையின் சிறிய ஆய்வுக்கூடத்தில் பிறந்தது அந்தச் சமன்பாடு. லியோனர் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து கடல் கடந்து வந்த மருத்துவர் மோட் மென்டனும் சர்க்கரைக் கரைசலில் இன்வெர்டேஸ் என்ற நொதியைக் கலந்து, அந்தக் கரைசல் ஒளியைத் திருப்பும் கோணம் எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். 1913-இல் சமன்பாடு வெளிவந்தது. சர்க்கரை கூடினால் நொதியின் வேகமும் கூடும். நொதி மூலக்கூறுகளுக்கெல்லாம் கைநிறைய வேலை வந்துவிட்டால் அதற்குமேல் எவ்வளவு கொட்டினாலும் வேகம் ஏறாது. பாரிஸில் விக்டர் ஆன்ரி பத்தாண்டுக்கு முன்பே இதே வடிவத்தை எழுதியிருந்தார். அவர் பெயர் அதில் ஒட்டாமல் போனது அநியாயம். மென்டன் பெயர் ஒட்டியது. ஆனால் முழுப் பேராசிரியர் பதவி அவர் கைக்கு வந்தது 1948-இல்தான்.

1925-இல் கேம்பிரிட்ஜில் பிரிக்ஸும் ஹால்டேனும் அந்தச் சமன்பாட்டுக்கு உறுதியான அடித்தளம் இட்டார்கள். இந்த ஹால்டேன்தான் 1957-இல் கல்கத்தாவுக்குக் குடிவந்து, 1964-இல் புவனேஸ்வரில் கண்மூடியவர்.

அடுத்த கட்டம் டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல். டி செல் அரைமனதோடு போரிட முடியாது. இறங்கினால் முழுதாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அசையாதிருக்க வேண்டும். 1913-இன் சமன்பாடு தரும் வளைகோடோ மெல்ல மெல்ல ஏறுவது. அதிலிருந்து இத்தகைய முடிவு எப்படிப் பிறக்கும்? எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு நொதிகளும் நிறைவுநிலையில், அதாவது கைநிறைய வேலையோடு, இருந்தால் சிறு மாற்றமும் சுவிட்சைத் தட்டியதுபோல் எல்லாவற்றையும் புரட்டிவிடும் என்று 1981-இல் கோல்ட்பெட்டரும் கோஷ்லாண்டும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

டி செல்லில் இன்னொரு வழியும் இருந்தது. எஸ்ஓஎஸ் என்ற புரதம் ராஸ் என்ற புரதத்தை விழிக்க வைக்கிறது. விழித்த ராஸ் திரும்பிவந்து எஸ்ஓஎஸின் இன்னொரு இடத்தில் அமர்ந்து, அதன் வேகத்தை இன்னும் பெருக்குகிறது. கான்பூர் ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்த அரூப் சக்ரவர்த்தியின் குழுவும் யெரோன் ரூஸின் குழுவும் இந்தச் சுழற்சியைச் சமன்பாடுகளாக்கின. செல்லுக்குள் மூலக்கூறுகள் குறைவு என்பதால் தற்செயலையும் கணக்கில் சேர்த்தார்கள். விடை இரண்டே நிலை: அணைந்தது, எரிவது. ஒருமுறை எரிந்துவிட்டால் தூண்டுதல் குறைந்தாலும் எளிதில் அணையாது. கணக்கு முன்கூட்டிச் சொன்னதைச் செல்களில் சோதித்து, 2009-இல் ‘செல்’ இதழில் வெளியிட்டார்கள். எனக்கு இந்தப் பயணத்தின் உச்சம் இதுதான்: காகிதம் முதலில் சொன்னது, உயிர் பிறகு ஆமோதித்தது.

இன்று ஜொகூரில் எஸ்டிபிஎம் உயிரியல் எடுக்கும் மாணவர் இதே மைக்கேலிஸ்–மென்டன் வளைகோட்டை வரைகிறார். பலருக்கு அது தேர்வோடு முடிந்துவிடுகிறது. உயிரியல் என்றால் டாக்டர் படிப்பு, கணிதம் என்றால் இன்ஜினியரிங் என்று வீட்டிலேயே பிரித்துவிடுகிறோம். இந்த இரண்டும் சேரும் துறைக்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் கட்டாயமில்லை. வகைக்கெழுச் சமன்பாடும் கணினியும் போதும், தொடங்குவதற்கு. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரண்டு பாடத்தையும் விரும்பும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், ஒன்றைக் கைவிடச் சொல்லாதீர்கள்.