கட்டுவிரியன் நஞ்சு காட்டிக்கொடுத்த ஏற்பி

செல்லின் மேல் மருந்து போய் ஒட்டும் இடத்தை ஏற்பி என்கிறோம். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது வலுவான ஊகம் மட்டுமே. 1905இல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி, நரம்பை அறுத்து அது சிதைந்த பிறகும் கோழியின் தசை நிகோடினுக்குச் சுருங்குவதைக் கண்டார். தசையை முடக்கும் நஞ்சான குராரே அந்தச் சுருக்கத்தைத் தடுத்தது. ஆனால் அதே தசையை மின்சாரம் நேராகத் தூண்டியபோது அது சுருங்கியது. அப்படியானால் இரண்டு நஞ்சுகளும் மோதும் இடம் நரம்பும் இல்லை, சுருங்கும் இழையும் இல்லை. தசையில் வேறேதோ பொருள் இருக்க வேண்டும். இவ்வளவு தெளிவான தர்க்கமும் எல்லோருக்கும் போதவில்லை. அட்ரினலினுக்கான ஏற்பிகளை 1948இல் ஆல்ஃபா, பீட்டா என வகுத்த ரேமண்ட் ஆல்க்விஸ்ட்கூட, 1970களிலும் ஏற்பிகளை விளக்கத்துக்கான கருத்து என்றே எண்ணினார். என் பார்வையில் குறை தர்க்கத்தில் இல்லை, கருவியில் இருந்தது. நிகோடினும் குராரேயும் எளிதில் விலகிவிடும். திசுவை அரைத்துக் கழுவினால், அவை எதைப் பற்றியிருந்தன என்பதற்குத் தடயம் மிஞ்சாது.

விலகாத பொருள் தைவானில் கிடைத்தது. அந்தத் தீவின் பட்டைக் கட்டுவிரியன், நம் ஊர்க் கட்டுவிரியனுக்கு நெருங்கிய இனம். அதன் நஞ்சிலிருந்து 1963இல் சாங்கும் லீயும் ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்ற புரதத்தைப் பிரித்தார்கள். குராரே போலவே தசையை முடக்கும் அது, பிடித்த பிடியை ஏறக்குறைய விடுவதே இல்லை. மருந்தாகப் பார்த்தால் இது கொடிய குணம். ஏற்பியைத் தேடுபவருக்கோ இதைவிட அரிய குணம் வேறில்லை. 1970இல் பாரிசில் ஷான்ஷோ, லீயுடன் சேர்ந்து, தசையிலுள்ளது போன்ற ஏற்பிகள் செறிந்த மின்விலாங்கின் மின்னுறுப்பில் அந்த நஞ்சு பற்றும் புரதத்தை அடையாளம் கண்டார். மறு ஆண்டு மிலேதியின் குழு, கதிரியக்க அயோடின் ஏற்றிய அதே நஞ்சைக் கொண்டு மின்திருக்கையின் ஏற்பியைப் பிரித்தது. ஊகம் அளக்கக்கூடிய பொருளாயிற்று.

நஞ்சு பற்றுவதெல்லாம் ஏற்பி ஆகிவிடுமா என்ற ஐயம் நியாயமானது. மூளையில் அது பற்றிய பல இடங்களில் நிகோடினின் விளைவு தடைபடவில்லை. அங்கே ஏற்பிகள் பல வகை என்பது பிறகே விளங்கியது. தனக்குப் பொருந்துவதை மட்டுமே ஒரு கருவி காட்டும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தசை ஏற்பியில் அந்த ஐயம் நிற்காது: பிரித்தெடுத்த புரதத்தைச் செயற்கைக் கொழுப்புச் சவ்வில் பொருத்தியபோது, நரம்பு தசைக்கு விடுக்கும் தூதுப் பொருளான அசிட்டைல்கோலின் பட்டதும் அயனிகளுக்கு வழி திறந்தது. மரபணு ஆய்வு எப்படியும் ஏற்பியைக் கண்டிருக்கும் என்பாரும் உண்டு. ஆனால் 1982இல் கியோத்தோவில் நூமாவின் குழு மரபணுவைத் தேடியது, தூய்மைப்படுத்திய புரதத்தின் அமினோ அமில வரிசையை வைத்துத்தான். நோயாளிகளுக்குப் பயன் அதற்கும் முன்பே வந்துவிட்டது. மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் இமை தொங்கும், தசை சீக்கிரம் சோரும். கதிரியக்க நஞ்சால் எண்ணிப் பார்த்தபோது, நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் வெகுவாகக் குறைந்திருந்தது 1973இல் தெரிந்தது. அதே ஆண்டு, மின்விலாங்கின் ஏற்பியை ஊசியாகப் பெற்ற முயல்கள் அதைப் போன்ற சோர்வில் விழுந்தன. உடலின் எதிர்ப்பாற்றலே ஏற்பியைத் தாக்குகிறது என்பதற்கு அது சான்றாயிற்று. அப்படி ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்களை ரத்தத்தில் கண்டறியும் சோதனையும் கட்டுவிரியன் நஞ்சைக் கொண்டே உருவானது.