தூர் எடுப்பது யார், கணக்குக் காட்டுவது யார்?



நம் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள குளத்தைச் சீரமைக்க 'நமக்கு நாமே' திட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "வீட்டு வரி, தண்ணீர் வரி எல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறோம். குளத்துக்கும் நாமே ஏன் பங்குத்தொகை தர வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கூட்டம் முடியும் நேரம் என்பதால் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நம் பகுதியின் ஏரி, குளங்களைப் பராமரிக்க இதுவரை யார் பணம் கொடுத்தார்கள் என்று தேடிப் படித்தேன். கிடைத்ததை இங்கே தருகிறேன்.

உத்திரமேரூரில் ஏரிக்கு ஒரு வாரியம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் குடவோலைத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் தேர்தலோடு நின்றுவிடவில்லை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்களை அமைத்தார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர்.

நம் சங்கத்துக்கு மிகவும் பயன்படும் விதி அந்தக் கல்வெட்டில் வேறொன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி தேர்தலில் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. அவர்கள் கணக்கை அவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். அன்பர்கள் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் தூர் எடுக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். ஏரிக்கென்றே நிலம் விட்டதும் உண்டு. அதை ஏரிப்பட்டி என்பார்கள். ஒரு தடவை வெட்டிவிட்டுப் போவதற்காக யாரும் பொன் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் மண் அள்ள வேண்டும் என்று தெரிந்தே கொடுத்தார்கள்.

இதைப் பொற்காலமாகச் சொல்லவும் நான் தயாராக இல்லை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் உள்ள, 35 முதல் 70 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டுமே வாரியத்துக்கு வரலாம். ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

பங்கு போனது, வழக்கம் போனது

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டுப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களில் கணக்கெடுப்பு நடத்தினார். அறுவடையில் கோயிலுக்கு இவ்வளவு, தச்சருக்கு இவ்வளவு, வண்ணாருக்கு இவ்வளவு என்று களத்துமேட்டிலேயே பிரித்து வைத்த பங்குகள் அதில் பதிவாகியுள்ளன. ஏரிக்கும் அப்படி ஒரு பங்கு இருந்தது.

1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் அக்கறை காட்டியவர். மதுராந்தகம் ஏரி உடையவிருந்த இரவில் கரைமேல் ராமரும் லட்சுமணரும் காவல் நிற்பதை அவர் கண்டார் என்ற கதை நமக்கெல்லாம் தெரிந்ததே. அந்தக் கோயில் இன்றும் ஏரிகாத்த ராமர் கோயில்தான்.

கம்பெனி ஆட்சி நிலைபெற்றபோது விளைச்சலில் பெரும்பகுதி நிலவரியாகக் கருவூலத்துக்குப் போனது. ஏரிக்கான பங்கு ஊர்க் கையில் நிற்கவில்லை. ஆனால் கரை அடைக்கவும் வாய்க்கால் தூர்வாரவும் ஊரார் உழைக்க வேண்டும் என்ற குடிமராமத்து வழக்கம் மட்டும் தொடர வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. வழக்கம் தளர்ந்தது. 1858 இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வழக்கப்படி வேலைக்கு வராதவர் அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டும் என்றது சட்டம். சட்டம் போட்டும் குடிமராமத்து பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பணமும் முடிவும் ஓரிடத்தில், உழைப்பு மட்டும் வேறிடத்தில் என்றால் யார் மனமுவந்து மண்வெட்டி எடுப்பார்கள்?

மீண்டும் மக்கள் பங்கு

1997-98 இல் தமிழக அரசு 'நமக்கு நாமே' திட்டத்தைத் தொடங்கியது. மக்கள் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும். 2011 இல் அதே முறை தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021 இல் பழைய பெயரே திரும்பியது. ஊரகப் பகுதிகளில் பொதுவாக மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்களுடையதாக இருக்க வேண்டும்.

2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்துத் திட்டம் புதிதாகத் தொடங்கப்பட்டது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். அதில் பாசன விவசாயிகளின் பங்கு 10 விழுக்காடாக இருந்தது. அதைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர முடிந்தது. உலக அளவிலும் இதே கதைதான். 1992 இல் தொடங்கிய உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு மானியத் திட்டம் உள்ளூர் அமைப்புகளுக்கு 50,000 டாலர் வரை கொடுத்து வந்தது. அங்கேயும் "உங்கள் பங்கு என்ன?" என்று கேட்பார்கள்.

நமக்கு அருகிலேயே சிட்லபாக்கம் இருக்கிறது. 2019 கோடையில், தண்ணீர்ப் பஞ்சத்தின் உச்சத்தில், அந்தப் பகுதி மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே ஏரியில் இறங்கினார்கள். அதே ஆண்டில் அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. கோரிக்கை மனு மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். சீரமைப்புக்குப் பிறகும் அங்கே கழிவுநீர் கலப்பது பற்றிய புகார்கள் தொடர்ந்தன. பெரிய தொகை வந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

நம் வரைவு

மூத்த உறுப்பினரின் கேள்விக்கு என் பதில் இதுதான். பங்குத்தொகை என்பது வரிக்கு மேல் வரி என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நம் பணம் உள்ளே இருந்தால்தான் ஒப்பந்தக்காரர் எவ்வளவு மண் எடுத்தார், அது எங்கே போனது என்று கேட்க நமக்குத் துணிவு வரும். ஏரிக்கான பங்கு ஊரை விட்டுப் போனபோது, கேட்கும் வழக்கமும் கூடவே போய்விட்டது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நாம் தயாரித்துள்ள வரைவைப் பார்த்தேன். கரை பலப்படுத்த, நடைபாதை போட, விளக்கு வைக்க, மரம் நட என்று எல்லாவற்றுக்கும் மதிப்பீடு இருக்கிறது. 'பணி முடிந்தபின் பராமரிப்பு' என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் உத்திரமேரூரில் முதலில் எழுதியது அதைத்தான்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை முன்மொழிய இருக்கிறேன். ஒன்று, குளத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு. அதில் ஒரு தொகையை வைப்பாகப் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்வது. மற்றொன்று, ஆறு பேர் கொண்ட குளக்குழு. அதில் வாடகைக்குக் குடியிருப்பவர்களும், குளத்தங்கரையில் ஆடு மேய்ப்பவர்களும், கால்வாய் ஓரக் குடிசைகளில் வசிப்பவர்களும் இடம்பெற வேண்டும். தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது அவர்கள் வீடு.

ஆண்டுக் கணக்கை இதே இதழில் வெளியிடுவோம். கணக்குக் காட்டாதவர் மறுமுறை பொறுப்புக்கு வரக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். உறவினர்களை மட்டும் விட்டுவிடலாம். இல்லையென்றால் நம் சங்கத்தில் பொறுப்பேற்க ஆளே கிடைக்காது!

தவறாமல் கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் கருத்தை நேரில் சொல்லுங்கள்.