பேரேடும் உறவுக் கோலமும்



சப்பிரகமுவாத் தோட்டங்களிலே புதிதாக வந்த ஓர் இளைஞனைக் காணும் முதியவர், அவன் பெயரை மட்டும் கேட்டு அமைய மாட்டார். "யாருடைய மகன்? எந்தக் கங்காணியின் ஆள்? தாய் எந்தத் தோட்டத்தவள்?" என்று அடுக்கிக் கேட்பார். ஒருவன் இன்னான் என்பது அவனுடைய உறவுகளாலேயே விளங்கும் என்பது அக்கேள்விகளின் உட்கருத்து. இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டு கணினி அறிஞர் ஒருவகைத் தரவுத்தளத்தை அமைத்துள்ளனர். அதனைக் கோட்டுருத் தரவுத்தளம் என்பர். அதன் இயல்பையும் பயனையும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் வரலாற்றோடு பொருத்தி இன்று நோக்குவோம்.

தோட்டத்தின் தலையாய ஏடு செக்ரோல் ஆகும். வரிசைக்கு ஒரு பெயர், கட்டத்திற்கு ஒரு நாள், இறுதியிற் கூலித்தொகை. சம்பளக் கணக்கிற்கு இதனினும் சிறந்த அமைப்பு வேண்டியதில்லை. ஆயின், அத்தோட்டத்து வாழ்வோ கட்டங்களுக்குள் அடங்கியதன்று. பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள். அவர்களின் கீழ்த் தொழிலாளர். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. தொழிலாளி பட்ட கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே 'துண்டு' எனப்பட்டது. அத்துண்டு கடனையும் ஆளையும் ஒருங்கே பிணைத்து ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குக் கொண்டு சென்றது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இவ்வாறு கடனால் அமைந்த உறவுகளைத் தோட்டம் கவனமாக எழுதி வைத்தது. குருதியால் அமைந்த உறவுகளோ பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே தங்கின.

அந்நினைவு போதாது என்று ஒரு நாள் சட்டம் கூறிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனையும் பிறப்பினால் மட்டும் பிரசையாக ஏற்கவில்லை. அவன் தந்தை இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். இங்கே ஒன்றைக் கவனித்தல் தகும். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு சட்டப்படி ஒழுங்குபெற்றது 1867ஆம் ஆண்டளவிலேதான். 1900இற் பிறந்த ஒருவனுடைய பூட்டன் பெரும்பாலும் அதற்கு முன்னரே பிறந்தவனாவான். பதிவேடே இல்லாத காலத்துப் பிறப்புக்குச் சான்று காட்டுவது எங்ஙனம்?

இவ்வினா நீதிமன்றம் ஏறியது கேகாலை மாவட்டத்திலிருந்தே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ருவன்வெல்லைத் தேர்தற்றொகுதியின் வாக்காளர் இடாப்பிலே தம் பெயர் இடம்பெற வேண்டுமென்று கோடகன் பிள்ளை என்பார் கோரினார். பிரசையல்லர் என்பதனால் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு ஒரு சமூகத்தாருக்கு மட்டும் தடை விதிப்பதை விலக்குகின்றது, ஆதலால் பிரசாவுரிமைச் சட்டமும் தேர்தற் சட்டமும் செல்லாவென்பது அவர் தரப்பு வாதம். மீளாய்வு அதிகாரி அவ்வாதத்தை ஏற்றார். உயர் நீதிமன்றம் 1951இல் மறுத்தது. இலண்டன் கோமறைக் கழகமும் 1953இல் மறுத்தது.

மற்றொரு வழியாக, 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டோர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

இனிக் கணினிக்கு வருவோம். 1970இல் எட்கர் கொட் என்ற அறிஞர் தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் கொள்கையை வெளியிட்டார். அதுவே உலகெங்கும் நிலைபெற்றது. அது செக்ரோலின் வழிவந்த அமைப்பு எனலாம். நிரல் எழுதுவோரோ, நோர்வே நாட்டிற் பிறந்த சிமுலா 67 என்ற மொழி தொடங்கி, பொருள்நோக்கு முறையைக் கைக்கொள்ளலாயினர். அம்முறையில் 'ஆள்' என்பது ஒரு பொருள். அவனுடைய தந்தை மற்றொரு பொருள். முன்னது பின்னதை நேரே சுட்டி நிற்கும். ஆனால் சேமிக்கும்போது அப்பொருள்களைப் பிரித்து அட்டவணைகளில் இடவும், மீட்கும்போது மறுபடி பொருத்தவும் வேண்டியிருந்தது. எழுதும் முறை ஒன்று, சேமிக்கும் முறை வேறொன்று என்பதே நிரலாளரின் நெடுநாள் இடர்.

கோட்டுருத் தரவுத்தளம் இவ்விடரைக் குறைக்கின்றது. ஆள், தோட்டம், லயம் ஆகியன கணுக்கள். 'மகன்', 'பிறந்த இடம்', 'கங்காணி' என்பன கணுக்களை இணைக்கும் கோடுகள். கோடுகளுக்கும் ஆண்டு முதலிய பண்புகள் உண்டு. புள்ளியிட்டு இழை இழுக்கும் வாசற்கோலத்தை ஒத்தது இவ்வமைப்பு. சுவீடன் நாட்டினர் 2000ஆம் ஆண்டளவில் உருவாக்கத் தொடங்கிய நியோ4ஜே இவ்வகையிற் பெயர்பெற்றது. 2016இல் பனாமா ஆவணங்களை ஆராய்ந்த செய்தியாளர், மறைந்து கிடந்த உடைமையுறவுகளை இதன் துணையாலேயே தொடர்ந்து சென்றனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட கேள்வியும் இத்தகையதே: மகனிலிருந்து தந்தை, தந்தையிலிருந்து பாட்டன், பாட்டனிலிருந்து பூட்டன், ஒவ்வொருவரிடமிருந்தும் பிறந்த இடம். அட்டவணையாலும் இதற்கு விடை காணலாம். ஆயின் தலைமுறை தோறும் ஏட்டை ஏட்டோடு பொருத்த வேண்டும். கோட்டுருவில் கோடு வழியே நடந்தாற் போதும்.

எனினும், கருவியைக் கண்டு மயங்குதல் கூடாது. எழுதப்படாத கோட்டை எந்தத் தரவுத்தளமும் தானே வரைந்து தராது. கோடு இல்லையென்றால் உறவே இல்லையென்று கொள்வது பெரும்பிழை. தோட்டத் தொழிலாளர் பலர்க்கு நேர்ந்தது அப்பிழையே. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகவே நோக்கிற்று: 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்களைப் பங்கிடுதல் எளிது; பாட்டியை ஒரு நாட்டிற்கும் பேரனை மறு நாட்டிற்குமாகப் பிரித்த கோடுகள் அவ்வெண்களில் இல்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அக்கேள்வியையே திருப்பிப் போட்டது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும், இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களும் உரிமை பெற வழி பிறந்தது. முன்னைச் சட்டம் மகனைப் பூட்டன்வரை ஏறிச் சான்று தேடச் செய்தது. பின்னைச் சட்டம் மூத்தோரின் உரிமையை இறங்கிவரச் செய்தது. அதே உறவுக்கோடு ஒருகால் தடையாயிற்று, ஒருகால் வழியாயிற்று.

ஆகவே, தரவுத்தளம் அமைக்க முற்படும் இளைஞர், எதனைக் கணுவாகவும் எதனைக் கோடாகவும் கொள்வதென்று தீர்மானிக்குமுன், எந்தக் கோடு எழுதப்படாது விடப்பட்டது என்றும் வினவுதல் நன்று. முதியோர் நினைவிலே இன்னும் எஞ்சியிருக்கும் உறவுகளை, அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதி வைத்தல் அதனினும் நன்று.