தி கேர்ள் ஆன் தி டிரெயின் (நாவல்)

பவுலா ஹாக்கின்ஸ் எழுதி 2015 ஜனவரியில் வெளியான ஆங்கில உளவியல் குற்ற நாவல். ஜிம்பாப்வேயில் பிறந்து 1989இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஹாக்கின்ஸ், பத்திரிகையாளராக இருந்தவர். ஏமி சில்வர் என்ற புனைபெயரில் காதல் நாவல்களும் எழுதியவர்.

கதையின் மையம் ரேச்சல். மணமுறிவு, குடிப்பழக்கம், அதனால் பறிபோன வேலை. வேலை போனதை மறைக்கத் தினமும் காலை 8.04 ரயிலேறி லண்டன் யூஸ்டனுக்குப் போய்வருகிறாள். சிக்னலில் வண்டி நிற்கும்போது பாதையோர வீட்டுத் தம்பதியைப் பார்த்து, அவர்களுக்குத் தானே பெயர் வைத்து, குறையில்லாத வாழ்க்கையொன்றைக் கற்பனை செய்கிறாள். சில வீடுகள் தள்ளி அவள் வாழ்ந்த வீடு. அங்கே இப்போது முன்னாள் கணவன் டாம், அவன் புது மனைவி ஆனா, கைக்குழந்தை. ரயிலிலிருந்து பார்த்த தம்பதியில் மனைவியான மேகன் வேறொருவனோடு இருப்பதை ரேச்சல் ஒருநாள் பார்க்கிறாள். மறுநாள் இரவே மேகன் காணாமல் போகிறாள். அன்றிரவு ரேச்சலும் அந்தப் பக்கம் போயிருந்தாள். விடிந்தபோது தலையில் காயம் இருக்கிறது, நடந்தது நினைவில்லை.

ரேச்சல், மேகன், ஆனா மூவரும் தேதியிட்ட குறிப்புகளாக மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். மேகனின் குறிப்புகள் மட்டும் ஓராண்டு முன்பே தொடங்குகின்றன.

அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' (1926) நாவலில் கதைசொல்லி தெரிந்தே மறைக்கிறார். ரேச்சல் அப்படியல்ல. போலீசிடமும் மேகனின் கணவனிடமும் பொய் சொன்னாலும், வாசகரிடம் தனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்கிறாள். தெரிந்ததே தவறு என்பதுதான் சிக்கல். குடிபோதையில் கோல்ஃப் மட்டையால் டாமை அடிக்கப் பாய்ந்ததாகவும், அடி தவறிச் சுவரின் காரை பெயர்ந்ததாகவும் நம்பிப் பல காலம் குற்ற உணர்வில் புழுங்குகிறாள். ஆனால் அந்த இரவை எண்ணினால் அவளுக்குள் எழுவது கோபம் அல்ல, பயம். மட்டையை ஓங்கியது டாம். மறதியின் இடைவெளிகளை அவன் தன் பொய்களால் நிரப்பியிருக்கிறான். மேகனைக் கொன்றவனும் அவனே. கொலையாளி யார் என்ற மர்மத்தைவிட, ஒரு பெண்ணிடமிருந்து அவள் நினைவையே திருடிய கொடுமை நாவலில் ஆழமாகப் பதிகிறது.

உலகெங்கும் 2 கோடிக்கு மேல் பிரதிகள் விற்றன. டேட் டெய்லர் இயக்கத்தில் எமிலி பிளண்ட் நடித்த திரைப்படம் (2016) கதையை நியூயார்க் பகுதிக்கு மாற்றியது. பரிணீதி சோப்ரா நடித்த இந்தி வடிவம் 2021இல் நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது.